வாப்பா சொன்ன பெயர்

போன மாதம் கல்முனையில் குறும்படம் எடுக்கும் மூன்று பேர் ஒரு பொன்னாடையோடு என் வீட்டுக்கு வந்தார்கள். பொன்னாடையைக் கண்டதும் எனக்கு எரிச்சல் வந்தது. நான் நடித்துக்கொண்டிருந்த காலத்தில் என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு தெருவால் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். இப்போது நான் 'கிழக்கு மண்ணின் மூத்த கலைத்தாரகை' ஆகிவிட்டேனாம். தாரகை என்றால் என்னவென்று கேட்டேன். மூன்று பேருக்கும் தெரியவில்லை.

அவர்களுக்குள் இயக்குநர் சியாம். பக்கத்து வளவுப் பொடியன், வாய் திறந்த நாளிலிருந்து என்னைச் சாச்சி என்று கூப்பிட்டவன். அன்றைக்கு மட்டும் 'மேடம்' ஆகிவிட்டேன்.

"உங்கட அனுபவத்த எழுதித் தாங்க மேடம், எங்கட மலர்ல போடுவம். மறுகா, எங்கட படத்திலயும் ஒரு சின்ன பாத்திரம் இருக்கு. கலியாணப் பொண்ணுட உம்மா."

"என்ன படம்?"

"கலியாண ஊட்டுக் கத. செட் ஒண்டும் போடல்ல. எல்லாம் ஒரிஜினல். தத்ரூபமா எடுக்கப் போறம்."

தத்ரூபம். அந்தச் சொல்லைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பில் அந்தப் பிள்ளை தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டான். சரி, எழுதித் தருகிறேன் என்றேன். கலைத்தாகம், அர்ப்பணிப்பு, தவம் என்றெல்லாம் இதில் எதிர்பார்க்கிறவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

நடிக்க வந்த கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் சஹர்பான். உம்மா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே மௌத்தாகிவிட்டா. வாப்பா ஆதம்பாவா கல்முனை பஸாரில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூட நாடகத்தில் என்னைக் கண்ட ஒரு டீச்சர் வானொலி நாடகத்துக்கு அனுப்பினா. வானொலியில் முகம் தெரியாது என்பதால் வாப்பா ஓம் என்றார். அங்கிருந்து தொலைக்காட்சிக்கு இழுத்துக்கொண்டு போனபோது அவரால் நிறுத்த முடியவில்லை. நிறுத்த விருப்பமும் இல்லை, உள்ளுக்குள்ளே அவருக்குப் பெருமை. ஊருக்குப் பயந்து இரண்டு நிபந்தனை போட்டார். ஒன்று, டைட்டிலில் என் பெயர் வரக் கூடாது. அதனால் திரையில் நான் சுகந்தி. மற்றது, எந்தப் படப்பிடிப்புக்குப் போனாலும் அவர் கூட வருவார். ஒரு குடை, ஒரு சுடுதண்ணிப் போத்தல், வெள்ளைத் தொப்பி. கேமராவுக்குப் பின்னால் ஒரு கதிரையில் இருந்து என்னைப் பார்க்கிறவனையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

என்ன பெரிய வேடங்கள் நடித்தேன் என்று கேட்காதீர்கள். சிங்கள நாடகங்களில் தேத்தண்ணி கொண்டு வந்திருக்கிறேன். தட்டை வைத்துவிட்டுப் போகும்போது முந்தானையால் முகத்தைத் துடைக்க வேண்டும், அப்போதுதான் தமிழ் வேலைக்காரி என்று விளங்குமாம். தமிழ் நாடகங்களில் மூட்டை தூக்கி இருக்கிறேன், அழுதிருக்கிறேன், செத்திருக்கிறேன். ஆனால் ஒரு தமிழ் நாடகத்திலும் என் குரலை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். அந்தக் காலத்தில் வெளியிடங்களில் எடுக்கும்போது சத்தம் பதிய மாட்டார்கள். படம் மட்டும் ஓடும். பிறகு கொழும்பில் ஓர் அறைக்குள் இருந்து திரையைப் பார்த்து வாய்க்குச் சரியாகக் குரல் கொடுப்பார்கள். கல்முனைத் தமிழ் ஒருவருக்கும் விளங்காது என்று சொல்லி, எனக்குக் குரல் கொடுக்க ஒரு மிஸ்ஸை வைத்திருந்தார்கள். தொண்டைக்குக் கற்கண்டு போட்டுக்கொண்டு அவ என் வாயால் கதைப்பா. கல்முனையிலே நடக்கும் கதையில், கல்முனைக்காரி நான் நடிக்க, கல்முனைத் தமிழ் கூடாது. இதைச் சொன்ன அதே ஆட்கள்தான் தத்ரூபம், தத்ரூபம் என்று அடித்துக்கொண்டார்கள்.

அவர்களுக்குத் தலைவர் எங்கள் டிரெக்டர். பெயரை விடுங்கள், எல்லாரும் அவரை 'தத்ரூபம்' என்றுதான் முதுகுக்குப் பின்னால் சொல்வோம். யாழ்ப்பாணத்து மனிதர். தோளில் ஒரு துவாய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் பார்ப்பார். காட்சி நன்றாக வந்தால் "போகட்டும்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வராது. பிடிக்காவிட்டால், "பொய் தெரியுது, பிள்ளை." மீன்கறி சாப்பிடும் காட்சி என்றால் மீன் அன்றைக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும். அழ வேண்டும் என்றால் கிளிசரின் போட விடமாட்டார். காதுக்குக் கிட்ட வந்து, "உன்ரை அம்மா செத்த நாளை நினை" என்பார். உம்மாவின் முகமே எனக்கு ஞாபகம் இல்லை. அதை அவரிடம் சொன்னேன். "அதை நினைச்சு அழு" என்றார். அழுதேன். "போகட்டும்" என்றார். இப்படிப்பட்ட மனிதரை மேதை என்று இன்றைக்கும் பேட்டிகளில் சொல்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், மைக்கை நீட்டினால் வேறென்ன சொல்ல?

அவர் ஒரு நாடகம் எடுக்கக் கல்முனைக்கே வந்தார். கதாநாயகி ரமீஸா என்ற பெண். அந்த வேடம் எனக்கு, முதல் தடவையாகத் தேத்தண்ணித் தட்டும் இல்லை, மூட்டையும் இல்லை. எனக்கும் அப்போது நிஜமாகவே கலியாணம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை ஹனீபா மச்சான், வாப்பாவின் தங்கச்சி மகன், பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்தான் வீடு கட்டிக் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேர்வார். வாப்பா கடைக்குப் பின்னாலிருந்த வளவில் வீட்டைக் கட்டி ஓடும் போட்டுவிட்டார். ஹனீபா மச்சானை எனக்குப் பிடித்திருந்தது. அதை இப்போது எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை. அவர் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வார், அதைப் பார்க்கவே நான் மாமி வீட்டுக்குப் போவேன். அந்த நாடகத்தோடு நடிப்பை விட்டுவிடுவதாக மாமிக்கு வாக்கும் கொடுத்திருந்தேன்.

நாடகத்தில் ரமீஸாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளையாக நடித்தவர் நவாஸ், கொழும்புக்காரர், பெண்சாதி பிள்ளையோடு இருக்கிறவர். சட்டைப் பையில் எப்போதும் சீப்பு. நிக்காஹ் ஓதிவைக்கும் லெவ்வையாக நடிக்கக் கொழும்பிலிருந்து ஒரு நடிகர் வந்திருந்தார். அவர் ஓதிக் காட்டியதும் டிரெக்டர் கண்ணை மூடினார்.

"பொய் தெரியுது. உண்மையான லெப்பையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

எங்கள் தெருப் பள்ளிவாசல் லெவ்வையைப் போய்க் கூட்டி வந்தார்கள். நல்ல மனிதர், டிவியில் வரலாம் என்றதும் முகமெல்லாம் சிரிப்பு. சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் தாடி வைத்த இரண்டு பேரைப் பிடித்து இருத்தினார்கள். கடைசியில் பெண்ணின் வாப்பா. அதற்கு வந்த நடிகருக்குத் தொப்பி தலையில் நிற்கவில்லை. டிரெக்டர் சுற்றிப் பார்த்தார். குடையும் போத்தலுமாக என் வாப்பா இருந்தார்.

"ஐயா, நீங்கள் வந்து இருங்கோ. உண்மையான தகப்பன் இருக்கேக்க எனக்கேன் நடிகன்?"

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் உள்ளறையில் மணப்பெண் உடுப்போடு என் முறைக்குக் காத்துக்கொண்டு இருந்தேன். நிக்காஹ்வுக்குப் பெண் சபையில் தேவையில்லை என்பதால் நாடகத்துக்கும் தேவைப்படவில்லை.

எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெண்ணின் வாப்பாவும் மாப்பிள்ளையும் எதிரெதிரே இருந்து கையைப் பிடிப்பார்கள். லெவ்வை அந்தக் கைகளின் மேல் தன் கையை வைத்துக்கொண்டு ஓதுவார். பிறகு வாப்பாவுக்குச் சொல்லிக் கொடுப்பார், அவர் திருப்பிச் சொல்வார். மகளின் பெயரைச் சொல்லி, இன்ன மஹருக்கு, அதாவது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் தொகைக்கு, உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்பார். மாப்பிள்ளை கபூல் செய்தேன், ஏற்றுக்கொண்டேன் என்பார். அவ்வளவுதான். அதோடு அவள் அவனுடைய பெண்சாதி.

லெவ்வையிடம் சும்மா வாயை அசைத்தால் போதும், சத்தம் பிறகு போடுவோம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆனால் அந்த மனிதர் கைகளின் மேல் கையை வைத்ததும் முழுதாக ஓதிவிட்டார். வாப்பாவைப் பார்த்து, "மகளிட பேரச் சொல்லுங்க" என்றார். ஆயிரம் வாப்பாமாரிடம் கேட்ட கேள்வி. ரமீஸா என்று சொல்ல வேண்டிய என் வாப்பா, கேமராவையும் விளக்கையும் கண்டு வசனம் மறந்து போய், "எண்ட மகள் சஹர்பான்" என்று சொல்லி நவாஸுக்கு என்னை நிக்காஹ் செய்து கொடுத்துவிட்டார். நவாஸ் நல்ல குரலில் கபூல் என்றார். "போகட்டும்" என்றார் டிரெக்டர். எல்லாரும் கை தட்டினார்கள். உள்ளறையில் இருந்த எனக்கும் கேட்டது. காட்சி நன்றாக வந்ததே என்று நானும் தட்டினேன்.

அசர் தொழுகை முடிந்து லெவ்வை எங்கள் வீட்டுக்கு வந்தார். சிரிப்பெல்லாம் போய்விட்டது.

"ஆதம்பாவா, நாம ஒரு வேல செஞ்சிட்டமே."

"என்ன லெவ்வ?"

"நீங்க உங்கட மகளிட சொந்தப் பேரச் சொல்லிட்டீங்க. வாப்பாவும் நீங்க. சாட்சியும் ரெண்டு பேர். மாப்புள்ளயா இருந்தவரும் முஸ்லிம். நிக்காஹ் விளையாட்டாச் சொன்னாலும் கூடிப் போகும், நெசக் கலியாணம்தான்."

வாப்பாவின் கையிலிருந்த ரேடியோ ஆணிகள் நிலத்தில் கொட்டின. அவற்றைப் பொறுக்குவதற்கு அவர் குனிந்தார், குனிந்தபடியே இருந்துவிட்டார்.

பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்கு முன்னே ஊருக்குத் தெரிந்துவிட்டது. சாட்சியாக இருந்த தாடிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மறுநாள் காலை எங்கள் முன் விறாந்தையில் சபை கூடியது. லெவ்வை, வாப்பா, டிரெக்டர், நவாஸ், ஹனீபா மச்சான், அவருடைய உம்மாவான என் மாமி. நான் திரைச்சீலைக்குப் பின்னால். யாருக்குப் பெண்சாதி என்று தீர்மானிக்க வேண்டியது என்னை. எல்லாரும் கதைத்தார்கள், என்னைத் தவிர.

டிரெக்டருக்கு இதெல்லாம் ஒன்றும் விளங்கவில்லை. "சத்தமே பதியேல்லை ஐயா. பெயரை டப்பிங்கிலை மாத்திப் போடுவம்" என்றார்.

"நீங்க மாத்தினா மேல உள்ளவன் மாத்துவானா?" என்றார் லெவ்வை.

மாமி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சொன்னா: "இன்னொருத்தனிட பொண்டாட்டிய எண்ட மகனுக்கு எப்புடிகா எடுக்கிற? அந்த மனிசன் தலாக் சொல்லட்டும். சொல்லிட்டா ஒரு கதயுமில்ல."

எல்லாரும் நவாஸைப் பார்த்தார்கள். அவர் சீப்பை எடுத்து ஒரு தடவை வாரிக்கொண்டார்.

"நான் எப்படி தலாக் சொல்றது? சொன்னா நான் கலியாணம் முடிச்சேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. எங்க வைஃபுக்கு யார் பதில் சொல்றது? நான் ஆர்ட்டிஸ்ட். ஸ்கிரிப்ட்ல இருக்கிறத சொன்னேன், அவ்ளோதான். ஸ்கிரிப்ட்ல இல்லாத ஒரு வார்த்தைய நான் பேச மாட்டேன்."

அவருடைய பயம் அவருக்கு. நாளைக்கே கொழும்புக்குப் போய்விடுவார், எனக்கு வாழ்நாள் முழுக்கக் கழுத்தில் அந்த ஆள். ஹனீபா மச்சான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். என் பக்கம் ஒரு சொல் சொல்வார் என்று சீலை ஓட்டையால் பார்த்தேன். அவர் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் எனக்கு ஆத்திரம் வந்தது. சீலைக்குப் பின்னால் இருந்தபடியே கேட்டேன்.

"லெவ்வ, விளையாட்டாச் சொன்னா நிக்காஹ் கூடுமெண்டா, விளையாட்டாச் சொன்னா தலாக்கும் கூடும்தானே?"

லெவ்வை சீலைப் பக்கம் திரும்பினார்.

"ஓம் மகள். கூடும்" என்றார் லெவ்வை.

"அப்ப ஸ்கிரிப்ட்ல எழுதச் சொல்லுங்க."

டிரெக்டர் துவாயை மற்றத் தோளுக்கு மாற்றினார். இரண்டு கண்ணும் திறந்திருந்தன. "அட, இது நல்ல முடிவல்லோ! கலியாணம் முடிச்ச கையோடை அவன் விட்டிட்டுப் போறான்." அங்கேயே பேப்பர் கேட்டார். என் வாழ்க்கை அறுந்து தொங்கிக்கொண்டிருக்கிறது, அந்த மனிதருக்கு நாடகத்துக்கு முடிவு கிடைத்துவிட்டது.

அன்று பகலே எடுத்தார்கள். எங்கள் வீட்டுக் கிணற்றடி. லெவ்வை ஓரமாக நின்றார். நவாஸ் என் சொந்தப் பெயரையே சொல்ல வேண்டும், டப்பிங்கில் அது ரமீஸா ஆகிவிடும், அவருடைய பெண்சாதிக்கும் வில்லங்கம் இல்லை. "ஆக்‌ஷன்" என்றார்கள். நவாஸ் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டு, "சஹர்பான், உன்னை நான் தலாக் சொன்னேன்" என்றார்.

என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். நெஞ்சிலிருந்த கல் இறங்கிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்க்குள் சொன்னேன்.

"கட்! புருஷன் விடுறான், நீ பல்லைக் காட்டுறாய். பொய் தெரியுது, பிள்ளை."

கேமராவுக்கு முன்னால் நான் பொய்யில்லாமல் நின்ற ஒரே தடவை அதுதான். அதைத்தான் அந்த மேதை பொய் என்றார்.

"ஐயா, ஒண்டு போதும். கூடிட்டு" என்று லெவ்வை குறுக்கே வந்தார்.

"உங்களுக்குக் கூடியிட்டுது, எனக்குக் கூடேல்லை. இன்னொருக்கால்."

இரண்டாம் தடவை நான் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டேன். நவாஸின் தலைமயிர் காற்றில் கலைந்துவிட்டதாம், அவரே நிறுத்தச் சொன்னார். அதற்குள்ளே அவர் தலாக் சொல்லி முடித்திருந்தார் என்பதை லெவ்வை மட்டும்தான் கவனித்தார். தலையில் கை வைத்துக்கொண்டு கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டார். மூன்றாம் தடவை நவாஸ் சொல்லி முடித்து நான் நிமிர்ந்து பார்த்தபோது, வெளிச்சம் திருப்பும் வெள்ளைப் பலகைக்குப் பின்னால் வாப்பா நின்றார். ஒரு கையில் குடை. மற்றக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். வாப்பா அழுது அதற்கு முன் நான் கண்டதில்லை. எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது, நிறுத்த முடியவில்லை.

"போகட்டும்" என்றார் டிரெக்டர்.

அன்று பின்னேரம் மாமி வந்தா. இனி ஒரு கதையும் இல்லை, நாளைக் குறிப்போம் என்று சொல்ல வந்தா என்று நினைத்தேன். தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன், எனக்குத்தான் நன்றாக வருமே.

"நானா," என்றா தன் அண்ணனான வாப்பாவைப் பார்த்து, "ஊரெல்லாம் கதைக்கிது. மூணு தலாக் சொல்லி அடியோட வெட்டிவிட்ட பொண்ண எண்ட மகனுக்கு எடுத்தா சனம் என்ன சொல்லும்?"

"நீதானே சொல்லச் சொன்ன?"

"நான் தலாக் சொல்லத்தான் சொன்ன. மூணு தரம் சொல்லச் சொன்னனா?"

ஹனீபா மச்சான் வரவே இல்லை. அடுத்த வருடமே சாய்ந்தமருதில் கலியாணம் முடித்தார். வாத்தியாராக இருந்து, அதிபராகி, இப்போது ஓய்வுபெற்ற பெரிய மனிதர். பெண் கல்வி பற்றி மேடையில் அழகாகக் கதைப்பாராம். கதைக்கட்டும், அன்றைக்குச் சேர்த்து வைத்த கதைதானே.

நாடகம் ஒளிபரப்பான நாளில் ஊர் முழுக்கப் பார்த்தது. கொழும்பு மிஸ் என் வாயால் விம்மி விம்மி அழுதா. கடைசிக் காட்சி தத்ரூபம் என்று பத்திரிகையில் எழுதினார்கள். வாப்பா பார்க்கவில்லை. அதற்குப் பிறகு படப்பிடிப்புக்கு அவர் என்னோடு வந்ததும் இல்லை. ஒரு நாள் சோறு சாப்பிட்டுக்கொண்டு இருந்தவர் தட்டைத் தள்ளிவிட்டு, "எண்ட வாயாலதான் மகள் நீ நாசமாப் போன" என்றார்.

"நீங்க ஒண்டும் செய்யல்ல வாப்பா. வசனத்த மறந்தீங்க. எல்லா நடிகனும் மறக்கிறதான்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மௌத்தாகும்வரை அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை, மகள் என்று மட்டும்தான். அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்காதது.

நடிப்பை விடுவேன் என்று கொடுத்த வாக்கை யாரும் என்னிடம் திருப்பிக் கேட்கவில்லை, நானும் விடவில்லை. மாப்பிள்ளை வராத வீட்டில் நான் குடியிருந்தேன், பஸ் ஏறிப் போய்த் தேத்தண்ணி கொடுத்தேன், மூட்டை தூக்கினேன், செத்தேன், வந்தேன். முழங்கால் மடங்காமல் போனதும் நின்றுவிட்டேன். இதுதான் கலைத்தாரகையின் அனுபவம்.

இதுவரை எழுதியதை வாங்கிப் போக நேற்று சியாம் வந்தான். படிக்காமலே பையில் வைத்தான். படப்பிடிப்பு வெள்ளிக்கிழமையாம்.

"லெவ்வையா யாரு நடிக்கிற?" என்று கேட்டேன்.

"நடிக்கிறல்லாம் இல்ல மேடம். எங்கட பள்ளி லெவ்வையே வாறாரு."

"பொண்ணுட வாப்பா?"

அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதுதான் மேடம் விசேசம். நடிக்கிற புள்ளட சொந்த வாப்பாவயே புடிச்சிட்டம். மாப்புள்ளயும் நம்மட ஊர்ப் பொடியன்தான். எல்லாரும் ஓமெண்டுட்டாங்க."

"அந்தப் புள்ளக்கிட்டக் கேட்டீங்களா?"

சியாம் என்னைப் பார்த்தான். கேள்வி அவனுக்கு விளங்கவே இல்லை.

"அவக்கிட்ட என்னத்தக் கேக்கிற மேடம்? வாப்பா ஓமெண்டுட்டாரே."

என் பாத்திரத்தைப் பற்றிக் கேட்டேன். உம்மாவுக்கு வசனம் ஒன்றும் இல்லை, சும்மா பின்னால் நின்றால் போதும் என்றான்.

"சரி, வாறன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை நான் போவேன். பின்னால்தான் நிற்பேன். லெவ்வை கைகளின் மேல் கையை வைப்பார், மகளின் பெயரைச் சொல்லுங்கள் என்பார், அந்த வாப்பா வாயைத் திறப்பார். அவர் பெயரைச் சொல்லுமுன்னே பெண்ணின் உம்மா கதைப்பா, கல்முனைத் தமிழில், முதல் டேக்கிலேயே.